பார்டர் தாண்டிப் போய் பெட்ரோல் போட்டால் லாபமா? உங்கள் பைக் மைலேஜ்தான் பதில் சொல்லும்!

கடலூரில் இருந்து புதுச்சேரி வரும் சாலையில் முள்ளோடையைத் தாண்டிவிட்டால், பெட்ரோல் பங்க்குகளில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைக் கவனித்துப் பாருங்கள். பி.ஒய்.01 வண்டிகளோடு டி.என்.31 வண்டிகளும் வரிசையில் நிற்கும். விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு, திண்டிவனம் சாலையில் கோரிமேடு என்று மற்ற எல்லைகளிலும் இதே காட்சிதான். "அண்ணே, ஃபுல் பண்ணிடுங்க" என்ற குரல்தான் அங்கே அதிகம் கேட்கும்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் பெட்ரோல் விலை லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. வேலைக்காக அந்த வழியே வருபவர் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவதில் கேள்வியே இல்லை. ஆனால், பெட்ரோல் போடுவதற்காகவே வீட்டில் இருந்து கிளம்பி வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு உண்மையிலேயே காசு மிச்சமாகிறதா?

இதற்குப் பதில் பங்க் போர்டில் எழுதியிருக்கும் விலையில் மட்டும் இல்லை. வண்டி உண்மையில் என்ன மைலேஜ் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. 'என் வண்டி அறுபது கொடுக்கும்' என்று டீக்கடையில் சொல்வது வேறு. கணக்குப் போட்டுச் சொல்வது வேறு.

விலை ஏன் குறைவு?

பெட்ரோல் இன்னும் ஜி.எஸ்.டி-க்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரி நாடு முழுக்க ஒன்றுதான். அதற்கு மேல் மாநிலங்களும், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமான புதுச்சேரியும் தங்கள் பங்குக்கு வாட் வரி போடுகின்றன. அந்த வரி புதுச்சேரியில் குறைவு. 2025 ஜனவரி 1 முதல் புதுச்சேரியில் வாட் வரி உயர்த்தப்பட்டது. அதன் பிறகும் தமிழ்நாட்டு விலையைவிடக் குறைவாகவே இருந்தது.

இதே கதை மாஹேயிலும் நடக்கிறது. கேரளாவுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. தலச்சேரி, வடகரை பக்கத்து வண்டிகள் அங்கே வரிசையில் நிற்பது வாடிக்கை.

ஒரு அண்ணன், ஒரு தம்பி

கணக்குக்காக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் அண்ணன், தம்பி. இருவரிடமும் ஒரே மாதிரி பைக். தம்பிக்குப் புதுச்சேரியில் வேலை, தினமும் போய்வருகிறார். அண்ணனுக்குக் கடலூரிலேயே வேலை.

தமிழ்நாட்டில் லிட்டர் 100 ரூபாய், புதுச்சேரியில் 96 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ஊரில் இன்றைய விலை என்னவோ, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.) 8 லிட்டர் போட்டால் 32 ரூபாய் மிச்சம்.

தம்பிக்கு இந்த 32 ரூபாய் முழு லாபம். எப்படியும் அந்த வழியாகத்தான் போகிறார். அண்ணனுக்கு அப்படி இல்லை. எல்லை வரை போய்த் திரும்ப 16 கி.மீ. ஆகிறது என்றால், அந்த 16 கி.மீ-க்கான பெட்ரோலை 32 ரூபாயில் இருந்து கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது? இங்கேதான் மைலேஜ் தெரிய வேண்டும். அண்ணன் 'அறுபது' என்கிறார். வண்டி வாங்கும்போது யாரோ சொன்ன எண் அது.

ரிசர்வ் கணக்கு வேண்டாம்... ஃபுல் டேங்க் கணக்கு போடுங்கள்!

நம் ஊரில் பலரும் மைலேஜ் பார்ப்பது இப்படித்தான்: வண்டி ரிசர்வுக்கு வந்ததும் 100 ரூபாய்க்கு பெட்ரோல் போடுவார்கள். மறுபடி ரிசர்வ் வரும் வரை எத்தனை கி.மீ. ஓடுகிறது என்று பார்ப்பார்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் இது ஓரளவு உதவும். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ரிசர்வ் திருகு கிடையாது. மீட்டரில் ஒரு விளக்கு மினுக்கும், அவ்வளவுதான். வண்டி சாய்ந்து நின்றாலும், மேடு பள்ளத்தில் குலுங்கினாலும் அந்த விளக்கு முன்னே பின்னே எரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 100 மில்லி கணக்கு தவறினால், 1 லிட்டர் சோதனையில் அது 10 சதவிகிதப் பிழை. 8 லிட்டர் சோதனையில் அதே 100 மில்லி 1.25 சதவிகிதம் மட்டுமே. அதனால், எவ்வளவு அதிகமாக பெட்ரோல் எரிகிறதோ, அவ்வளவு நம்பகமான விடை கிடைக்கும்.

சரியான வழி இதுதான்:

1. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி டேங்க்கை நிரப்புங்கள். டேங்க் வாய்க்குள் எந்த மட்டம் வரை பெட்ரோல் வந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை தளும்பத் தளும்ப வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரிவடைய இடம் வேண்டும்.

2. ஓடோமீட்டர் எண்ணை எழுதுங்கள், அல்லது செல்போனில் போட்டோ எடுங்கள். ட்ரிப் மீட்டர் இருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள்.

3. வழக்கம்போல வண்டியை ஓட்டுங்கள். சோதனைக்காக ஸ்பெஷலாக மெதுவாக ஓட்டினால், கிடைப்பது உங்கள் மைலேஜ் அல்ல.

4. டேங்க் முக்கால்வாசி காலியானதும், முடிந்தால் அதே பங்க்கில், அதே மாதிரி ஸ்டாண்ட் போட்டு, அதே மட்டம் வரை நிரப்புங்கள். இப்போது உள்ளே போன பெட்ரோல்தான் நீங்கள் எரித்த பெட்ரோல். எத்தனை லிட்டர் என்று பில்லில் இரண்டு தசம இலக்கம் வரை இருக்கும்.

5. ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள்.

உதாரணமாக, முன்பு 18,240, இப்போது 18,612 என்றால் ஓடியது 372 கி.மீ. நிரப்பியது 7.44 லிட்டர். 372-ஐ 7.44-ஆல் வகுத்தால் 50. அந்த டேங்க்குக்கு மைலேஜ் 50.

'200 ரூபாய்க்குப் போடுங்க' என்று பழகியவர்களும் இதைச் செய்யலாம். ஒருமுறை ஃபுல் செய்துவிட்டு, நடுவில் 200, 300 என்று போடும் லிட்டர்களை எல்லாம் குறித்து வையுங்கள். கடைசியில் மறுபடி ஃபுல் செய்து, அத்தனை லிட்டரையும் கூட்டிக்கொண்டால் போதும்.

60-ம் 40-ம் சேர்ந்தால் 50 இல்லை!

ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குறைந்தது மூன்று முறையாவது எடுக்க வேண்டும். அதைக் கூட்டும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்.

அண்ணன் இரண்டு முறை கணக்கு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீண்ட பயணம்: 300 கி.மீ., 5 லிட்டர், மைலேஜ் 60. அடுத்த முறை, முழுக்க டவுன் ஓட்டம்: 300 கி.மீ., 7.5 லிட்டர், மைலேஜ் 40. 'அறுபதும் நாற்பதும் நூறு, இரண்டால் வகுத்தால் ஐம்பது' என்பார் அண்ணன்.

தவறு. மொத்தம் 600 கி.மீ., மொத்தம் 12.5 லிட்டர். வகுத்தால் 48. மைலேஜ் குறைவான பயணம் அதிக பெட்ரோலைக் குடித்திருக்கிறது. அதன் கனம் கணக்கில் கூடுதலாக விழும். அதனால் மைலேஜ் எண்களைச் சராசரி எடுக்காதீர்கள். கிலோமீட்டரைத் தனியாகக் கூட்டுங்கள், லிட்டரைத் தனியாகக் கூட்டுங்கள், கடைசியில் ஒரே ஒரு முறை வகுங்கள்.

இப்போது எல்லைக் கணக்குக்கு வருவோம்!

16 கி.மீ. போய்வர ஆகும் பெட்ரோல் செலவு, புதுச்சேரி விலையில்:

மைலேஜ் 60 என்றால்: 25 ரூபாய் 60 காசு. 32 ரூபாயில் கழித்தால் லாபம் 6 ரூபாய் 40 காசு.

மைலேஜ் 48 என்றால்: சரியாக 32 ரூபாய். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

மைலேஜ் 40 என்றால்: 38 ரூபாய் 40 காசு. கையில் இருந்து 6 ரூபாய் 40 காசு போகிறது.

'அறுபது கொடுக்கும்' என்று நம்பிய அண்ணன் ஒவ்வொரு முறையும் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையான எண் 48. அரை மணி நேரத்துக்கு மேல் வெயிலில் வண்டி ஓட்டி, டயரையும் இன்ஜின் ஆயிலையும் தேய்த்து, அவர் சம்பாதித்தது பூஜ்யம். அதுவும் 8 லிட்டர் போட்டால்தான் பூஜ்யம். 5 லிட்டர் மட்டும் போட்டால் மிச்சம் 20 ரூபாய். செலவு 32 ரூபாய்.

ஸ்கூட்டர்களுக்கு இது இன்னும் பாதகம். பெரும்பாலான ஸ்கூட்டர்களின் டேங்க்கே 5, 6 லிட்டர்தான். பெட்ரோலுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போனால் கட்டுப்படியாகாது. வேறு வேலையாகப் போகும்போது நிரப்பிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

உங்கள் ஊருக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். கூடுதலாக ஓட வேண்டிய கிலோமீட்டரை அங்கே உள்ள பெட்ரோல் விலையால் பெருக்குங்கள். மைலேஜை விலை வித்தியாசத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுத்தால், குறைந்தது எத்தனை லிட்டர் போட்டால் போட்ட காசு திரும்பும் என்று தெரிந்துவிடும்.

கம்பெனி சொன்ன மைலேஜ் எங்கே போச்சு?

விளம்பரத்தில் வரும் மைலேஜ் பொய் அல்ல. ஆனால் அது உங்கள் தெருவில் எடுத்தது அல்ல. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ போன்ற சோதனை நிலையங்களில், வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, இத்தனை நொடி இந்த வேகம் என்று வகுத்துவைத்த முறைப்படி ஓட்டி எடுப்பது. எதிர்க்காற்று கிடையாது, குறுக்கே வரும் ஆட்டோ கிடையாது, பின்னால் அரிசி மூட்டை கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட அந்த எண் உதவும். மாதச் செலவு போட உதவாது.

புதுச்சேரி டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில் வெட்டிக்கொள்ளும் வீதிகள் பார்க்க அழகு. வண்டி ஓட்டுபவருக்கோ நூறு அடிக்கு ஒரு முனை. நேரு வீதியிலும் மகாத்மா காந்தி சாலையிலும் பிரேக், கிளட்ச், முதல் கியர் என்று மாறி மாறிப் போக வேண்டும். பெட்ரோலை எரித்து ஏற்றிய வேகத்தை ஒவ்வொரு பிரேக்கும் சூடாக்கி வீணாக்கிவிடுகிறது. இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்களில் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும் நிமிடங்களில் மைலேஜ் பூஜ்யம். கடற்கரைச் சாலை மாலையில் வண்டிகளுக்கு மூடப்பட்டதும், சுற்றிப் போகும் தெருக்களில் நெரிசல் கூடும். வீட்டில் இருந்து கடைக்கு ஒரு கி.மீ. ஓட்டினால் இன்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். அதற்கும் பெட்ரோல் கூடுதல் செலவுதான்.

புறவழிச் சாலையில் 'சர்'ரென்று பறந்தாலும் மைலேஜ் விழும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. சீராக 45, 50 கி.மீ. வேகத்தில் போவதுதான் சாதாரண பைக்குக்குச் சுகமான ஓட்டம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

'இப்போ பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க, மைலேஜே போச்சு' என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. இதில் எவ்வளவு உண்மை?

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 20 சதவிகிதம் கலந்தால் மைலேஜ் ஓரளவு குறைவது இயற்கை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்கு ஏற்ப டியூன் செய்த இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. 48 கொடுக்கும் வண்டியில் அது ஏறக்குறைய 2 கி.மீ.

ஆனால், 60-ல் இருந்து 40-க்கு விழுந்துவிட்டது என்றால் பழியை எத்தனால் மேல் மட்டும் போட முடியாது. வண்டியில் வேறு ஏதோ இருக்கிறது. பழைய கணக்கு கையில் இருந்தால்தான் இந்த வித்தியாசமே தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் கணக்கு

பிரான்ஸில் உறவினர்கள் இருக்கும் குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம். அங்கிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவிடம் 'உங்க கார் என்ன மைலேஜ் கொடுக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். 'நூறு கிலோமீட்டருக்கு அஞ்சரை லிட்டர்' என்பார். லிட்டர் என்ற அளவை 1795-ல் சட்டமாக்கியதே பிரான்ஸ்தான். அங்கே ஒரு லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று கேட்பதில்லை, 100 கி.மீ-க்கு எத்தனை லிட்டர் என்றுதான் கேட்பார்கள்.

தலைகீழான இந்தக் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. வீட்டில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. இரண்டும் மாதம் 1,000 கி.மீ. ஓடுகின்றன. அப்பாவின் பழைய பெரிய பைக் 30 கொடுக்கிறது; சர்வீஸ் செய்தால் 35 ஆகும். மகனின் சின்ன பைக் 60 கொடுக்கிறது. சர்வீஸ் செய்தால் 70 ஆகும். ஒன்றைத்தான் இந்த மாதம் சர்வீஸ் விட முடியும் என்றால் எதை விடுவது?

10 கி.மீ. கூடும் மகன் வண்டியைத்தான் பலரும் சொல்வார்கள். லிட்டரில் பாருங்கள். அப்பா வண்டியில் மாதம் 33.3 லிட்டர் 28.6 ஆகிறது, மிச்சம் 4.7 லிட்டருக்கு மேல். மகன் வண்டியில் 16.7 லிட்டர் 14.3 ஆகிறது, மிச்சம் 2.4 லிட்டர்தான். அப்பா வண்டிக்குத்தான் முதலில் சர்வீஸ்! இப்படி மைலேஜ் எண் நம் கண்ணை ஏமாற்றுவதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் விளக்கியிருந்தார்கள்.

மைலேஜ் குறைந்தால் எங்கே பார்ப்பது?

மெக்கானிக் ஷெட்டுக்குப் போகும் முன் வீட்டிலேயே சில விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

டயர் காற்று: வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரி. வாரம் ஒருமுறை, டயர் சூடாகாதபோது பாருங்கள்.

பிரேக்: சென்டர் ஸ்டாண்டில் நியூட்ரலில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். உரசி நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

செயின்: காய்ந்து, துருப்பிடித்து, மிக இறுக்கமாகவோ தொங்கலாகவோ இருக்கக் கூடாது. கடலோர ஊரில் உப்புக்காற்றுக்குச் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஏர் ஃபில்டர்: புழுதிச் சாலையில் ஓடும் வண்டியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

உங்கள் கால், கை: பின் பிரேக் மிதியில் கால் வைத்தபடியே ஓட்டுவது, கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி ஊர்வது, இரண்டும் பெட்ரோலைக் குடிக்கும் பழக்கங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கணக்கு இடித்தால் ஓடோமீட்டரைச் சோதியுங்கள். டயர் தேய்ந்திருந்தால் சக்கரம் கூடுதலாகச் சுற்றி, தூரம் அதிகமாகக் காட்டும். செல்போன் மேப்பில் 20 கி.மீ. என்று காட்டும் பாதையில் ஓட்டி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பங்க்கில் அளவு குறைகிறதோ என்ற சந்தேகமா? பங்க்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. தயங்க வேண்டாம்.

ஒரு ரூபாய்க் கணக்கு

மாதம் 1,000 கி.மீ. ஓடும் வண்டி, லிட்டர் 100 ரூபாய். மைலேஜ் 48 என்றால் மாதச் செலவு 2,083 ரூபாய். அதே வண்டி கவனிப்பில்லாமல் 40-க்கு இறங்கினால் 2,500 ரூபாய். மாதம் 417, வருடத்துக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல. எல்லை தாண்டிப் போய் லிட்டருக்கு 4 ரூபாய் தேடும் அண்ணனுக்கு, அதைவிடப் பெரிய தொகை வண்டியின் டயரிலும் செயினிலுமே இருக்கிறது.

இதற்குத் தேவை ஒரு சின்ன நோட்டு, அல்லது செல்போனில் ஒரு பக்கம். தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ரூபாய் என்று நான்கு எண்கள் போதும். பங்க்கில் பெட்ரோல் இறங்கும் நேரத்திலேயே எழுதிவிடலாம். மூன்று டேங்க் முடிந்ததும், 'உன் வண்டி எவ்வளவு கொடுக்கும்?' என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் உங்கள் சொந்த எண் இருக்கும்.

அடுத்த முறை டேங்க் நிரப்பும்போதே தொடங்கலாம். முள்ளோடையில் நிரப்பினாலும் சரி, மஞ்சக்குப்பத்தில் நிரப்பினாலும் சரி!